நாலு குழாயும் நல்லாயிருக்கு

தள்ளி உக்காரவெல்லாம் வேண்டாங்க்கா. இது ஒட்டற சீக்கு இல்ல. நல்லா சாஞ்சே உக்காருங்க. பாக்கறவங்க எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க, புள்ளைக்கு மூச்சு இப்படி வாங்குதே, டிபி கிபியோ என்னமோன்னு. போன தடவை ஒரு அம்மா முந்தானையை மூக்குல வெச்சுக்கிட்டு எந்திரிச்சே போயிட்டாங்க. போனா போகட்டும்னு அந்த எடத்துல பையை வெச்சுட்டேன், எனக்கு சவுரியமாப் போச்சு.

வயசுங்களா? மூணு முடிஞ்சிருச்சு. நம்ப மாட்டீங்க, எனக்குத் தெரியும். ஒண்ணரை வயசுப் புள்ளையாட்டம்தான் இருப்பா. ஒம்பது கிலோ. பேரு இனியா. தூங்கட்டும், எழுப்ப வேண்டாம். தூங்கறப்பவும் நெஞ்சுக்கூடு இப்படி உள்ள போய்ப் போய் வரும். நீங்க அதையே பாத்துட்டு இருக்காதீங்க, உங்களுக்கும் மூச்சு முட்டும். எனக்குப் பழகிப்போச்சு.

வெள்ளகோயில்ல ஏறினோம். கோயமுத்தூருக்குத்தான். ஒண்ணரை மாசத்துக்கு ஒருக்கா இதே பஸ்ஸுதான். இன்னைக்குச் சேத்துக்குவாங்க, நாளைக்குக் காலைல பலூன். வெளையாடற பலூன் இல்லீங்க்கா. தொடைப் பக்கம் நரம்புல சின்ன ஒயரு மாதிரி விட்டு, நெஞ்சு வரைக்கும் கொண்டுட்டுப் போயி, உள்ளாற பலூனை ஊதி, சுருங்கின குழாயை விரிக்கறது. நாளைக்கு வெக்கறது பதினேழாவது.

டாக்டரம்மா எனக்குச் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்றேன். நுரையீரல்ல சுத்தமாகற ரத்தம் நாலு குழாய் வழியா வந்து இருதயத்துல இடது பக்கம் சேரணும். உங்களுக்கு, எனக்கு, எல்லாத்துக்கும் அப்படித்தான். இவளுக்குப் பொறக்கறப்பவே நாலும் வேற பக்கம் போய்ச் சேர்ந்திருச்சு. இருவத்திரெண்டாம் நாள் ஆபரேசன் பண்ணி, சேர வேண்டிய எடத்துல சேத்துத் தெச்சாங்க. அந்த நெஞ்சு என் உள்ளங்கை அளவுகூட இல்லீங்க்கா. நாலு மாசம் ஒரு கொறையும் இல்ல. பால் குடிச்சா, குப்புற விழுந்தா, சிரிச்சா. முடிஞ்சுதுடா சாமின்னு நெனைச்சேன்.

அஞ்சாம் மாசம் எடை நின்னு போச்சு. பால் குடிக்கறப்ப நெத்தியெல்லாம் வேர்வை. ஸ்கேன் எடுத்தா, தெச்ச எடத்துல சதை வளந்து குழாய் சுருங்கியிருக்குதுங்கறாங்க. வர வழி சின்னதாயிட்டா ரத்தம் நுரையீரல்லயே தேங்குமாம், அதுதான் இந்த மூச்சு. ரெண்டாவது ஆபரேசன் பண்ணினாங்க. மறுபடியும் சுருங்குச்சு.

"ஏனுங்க டாக்டர், தையல்ல ஏதாச்சும் தப்பாயிருச்சுங்களா?"ன்னு கேட்டேன். நஸ்ரின்னு பேரு அந்த டாக்டரம்மாவுக்கு. கோவிச்சுக்கலை. "தப்பு இல்லம்மா. சில குழந்தைங்க ஒடம்பு இப்படி. நாம தொறப்போம், அது மூடப் பாக்கும். அவ வளர்ற வரைக்கும் நாம சளைக்காம தொறந்துட்டே இருக்கணும்"ன்னாங்க. எத்தனை நாளைக்குன்னு கேட்டேன். மொத பலூனுக்குத் தேதி எழுதிக் கையில குடுத்தாங்க.

அன்னையிலிருந்து இதுதான் என் பொழப்பு. தொறக்கறது, மூடறது, தொறக்கறது, மூடறது. என் கூடப்பொறந்த தம்பி கண்ணாலத்துக்கே நான் போகலைங்க்கா. நோம்பி பண்டிகை இல்ல, ஒரம்பரை சொந்தக்காரங்க வீடு இல்ல. குழாய் அவளுக்குத்தான் சுருங்குச்சு, ஆனா வீடே சுருங்கிப்போச்சுன்னு வெச்சுக்கங்களேன். ரெண்டு ரூமு வீடு. ஒண்ணுல நானும் இவளும். இன்னொண்ணுல எங்க வீட்டுக்காரர். கொப்பரைக் களத்துல வேலை அவருக்கு, காயற தேங்காய் தூசியோட வருவாரு. வாசல்லயே குளிச்சு, வேற சட்டை போட்டாத்தான் உள்ள விடுவேன். ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டாரு. பூபதின்னு பேரு. நல்ல மனுசன்.

இல்லீங்க்கா, இவ ஒருத்தி மட்டும் இல்ல. பெரியவ ஒருத்தி இருக்கறா. மிருதுளா. ஒம்பது வயசு ஆகுது. அவ நல்லா இருக்கறா, அவளால ஒரு தொந்தரவும் இல்ல.

தொந்தரவு இல்லேன்னுதான் நெனைச்சுட்டு இருந்தேன், இந்த மாசி மாசம் வரைக்கும். சொல்றேன், நீங்களே நாயத்தைச் சொல்லுங்க. ஆருகிட்டயாச்சும் சொல்லணும். ஊருக்குள்ள சொன்னா என்னையத்தான் பேசுவாங்க.

இவளுக்கு ஒரு வயசு இருக்கறப்ப ஒரு மருந்து ஆரம்பிச்சாங்க. கிட்னி மாத்தினவங்களுக்கெல்லாம் குடுக்கற மருந்தாம். குழாய்க்குள்ள சதை வளர்றதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஆனா ஒடம்புல எதிர்ப்பு கொறைஞ்சு போகும், சளி காய்ச்சல் இருக்கறவங்களைக் கிட்ட விடாதீங்கன்னு டாக்டரம்மா சொல்லி விட்டாங்க. மிருதுளா அப்ப ரெண்டாவது படிக்கறா. பள்ளிக்கூடம்னா தெரியுமில்லீங்க, ஒருத்தன் இருமினா நாப்பது பேரு இருமுவாங்க. ஒரு நாள் மூக்கு ஒழுகிட்டு வந்தா. வந்தவ நேரா போயி பாப்பாவைத் தூக்கி முத்தம் குடுத்துட்டா. மூணாம் நாள் இவளுக்கு நிமோனியா. பத்தொம்பது நாள் ஐசியூவுல கெடந்தோம். வெளிய வந்து ஸ்கேன் எடுத்தா, இடது பக்கம் மேல இருக்கற குழாய் முழுசா மூடிப்போச்சு. அது போனது போனதுதான். இனி மூணுதான்.

டாக்டரம்மா சொன்னாங்க, அதுக்கும் சளிக்கும் சம்பந்தம் இல்ல, அது முன்னாடியிருந்தே மூடிட்டுத்தான் வந்துச்சுன்னு. அவங்க படிச்சவங்க, சொல்லுவாங்க. நான் கண்ணால பாத்தவ. சளி வந்துச்சு, குழாய் மூடுச்சு. இதுக்கு மேல என்னங்க்கா வேணும்?

மிருதுளாவை நான் ஒண்ணும் திட்டலை. அடிக்கலை. அந்த ஐசியூ வாசல்ல வெச்சு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாய் தவறி, "உன்னாலதான்டி"ன்னு சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன்னுதான் சொல்றேன், எனக்குச் சரியா நெனைப்பு இல்ல. அந்த நேரத்துல மனுசிக்கு என்ன தெரியும்?

அப்பறம்தான் எங்க நங்கையா வீட்டுக்குத் தாட்டி விட்டோம். வீட்டுக்காரரோட அக்கா, பல்லடத்துல இருக்கறாங்க. அவங்களுக்குப் புள்ளைங்க இல்ல, தங்கமா வெச்சுக்குவாங்க. ரெண்டு மாசம்னு சொல்லித்தான் அனுப்பினேன். துணிப்பையையும் புஸ்தகப் பையையும் எடுத்துக்கிட்டு அப்பா வண்டியில ஏறி உக்காந்தா. அழுகவே இல்லீங்க்கா. அவ்வளவு நல்ல புள்ளை. "எனக்குச் சளி போயிட்டா வரலாங்களாம்மா?"ன்னு மட்டும் கேட்டா. "சளியே புடிக்காம இருந்தேன்னா வந்தரலாம் கண்ணு"ன்னு சொன்னேன்.

அதை அப்படியே புடிச்சுக்கிட்டா பாருங்க. சாயங்காலம் ஆனா போன் பண்ணுவா. "அம்மா, இன்னைக்கு ஆறு நாளு." மறுநாள், "அம்மா, ஏழு நாளு." நான் பரீச்சைக்கு எண்றாளாக்கும்னு நெனைச்சேன். நங்கையாதான் சொன்னாங்க, சளி இல்லாத நாளை எண்றாளாம். மழைத்தூறல் விழுந்தா வெளிய காலை வெக்க மாட்டாளாம். கூடப் படிக்கற புள்ளை பொறந்தநாளுக்கு ஐஸ்கிரீம் குடுத்தா வேண்டாம்னு கையைக் கட்டிட்டு நின்னாளாம். வகுப்புல எவனாச்சும் தும்மினா கடைசி பெஞ்சுக்குப் போயி தனியா உக்காந்துக்குவாளாம். எனக்குப் பெருமையா இருந்துச்சு. எத்தனை சூட்டிகை பாருங்கன்னு வார்டுல எல்லாத்துகிட்டயும் சொன்னேன்.

அறுவத்தி நாலு நாள் வந்துச்சு. அன்னைக்குப் போன்ல ஒரே அழுகை. தும்மிட்டாளாம். "அதுக்கென்ன கண்ணு, மறுபடியும் ஒண்ணுலருந்து எண்ணு"ன்னு சொல்லித் தேத்தினேன். மறுபடியும் எண்ணினா. வருசம் பூரா இப்படித்தான், கணக்கு ஏர்றதும் மறுபடி ஒண்ணுக்கே வர்றதும். ஒருக்கா தொண்ணூத்தொண்ணு வரைக்கும் போயிட்டா. "அம்மா, தொண்ணூத்தொண்ணு"ன்னா. நான் அந்த நேரம் பலூன் ரூமுக்கு வெளிய நிக்கறேன். "செரி செரி, அப்பறம் பேசறேன்"னு வெச்சுட்டேன். அதுக்கப்பறம் எண்றதையே விட்டுட்டா. நானும் நல்லதாப் போச்சு, வெளையாட்டுப் புத்தி போயி வெவரம் வந்திருச்சுன்னு நெனைச்சேன்.

ரெண்டு மாசம் ரெண்டு வருசம் ஆச்சுங்களான்னு நீங்க கேக்கறது புரியுது. ஆச்சுங்க்கா. ஒவ்வொரு தடவையும் அடுத்த பலூன் முடியட்டும், அடுத்த பலூன் முடியட்டும்னு பாத்தேன். வீட்டுக்காரர் ஞாயித்துக்கெழமை தவறாம போயிப் பாத்துட்டு வருவாரு. நான் எங்க போறது? இவளைத் தூக்கிட்டுப் போனா அங்க நாலு பேரு இருப்பாங்க. விட்டுட்டுப் போனா இவ மூச்சை ஆரு எண்றது? என்னையக் கட்டிப்போட்டாப்புலதானே இருக்குது. அது அந்தப் புள்ளைக்குப் புரிய வேண்டாங்களா?

இப்ப மாசி மாசம் நடந்ததைக் கேளுங்க. பதினஞ்சாவது பலூனுக்கு இவளைச் சேத்திருக்கறேன். நங்கையா போன் பண்றாங்க, கொரலே சரியில்ல. மிருதுளாவுக்கு நாலு நாளா மூச்சு வாங்குதாம். பள்ளிக்கூடத்துல நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்துட்டாளாம். பல்லடத்துல டாக்டர்கிட்ட காமிச்சிருக்கறாங்க, தங்கச்சிக்கு இப்படி இருக்குதுன்னு தெரிஞ்சதும் அவரு, எதுக்கும் கோயமுத்தூர்ல அங்கேயே காட்டிருங்கன்னுட்டாரு. கூட்டிட்டு வந்துட்டாங்க.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? இந்தக் கையில இவ, அந்த ஸ்கேன் ரூமுல அவ. ரெண்டையும் எனக்கு இப்படியே குடுத்துட்டியா சாமின்னு செவுத்துல சாஞ்சு நிக்கறேன். மூணு வருசமாப் போயிட்டு வர்ற அந்த ஆஸ்பத்திரியில எனக்குத் தெரியாத நர்சு இல்ல, ஆனா அன்னைக்கு ஒருத்தர் முகமும் தெரியலை.

இவளை நர்சுகிட்டக் குடுத்துட்டு உள்ள போறேன், மிருதுளா கட்டில்ல படுத்திருக்கறா. டாக்டரம்மா நெஞ்சுல ஜெல்லைத் தடவி அந்தக் கருவியை வெச்சு வெச்சுப் பாக்கறாங்க. அவ கண்ணு அந்தத் திரையை விட்டு நகரலை. கொஞ்ச நேரம் பாத்துட்டு டாக்டரம்மா சிரிச்சாங்க. "மிருதுளா, ஒனக்கு நாலு குழாயும் நல்லாயிருக்கு. நெஞ்சுல ஒரு கொறையும் இல்ல. எந்திரி கண்ணா"ன்னாங்க.

எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. அவ என்ன பண்ணினாங்கறீங்க? சந்தோசப்பட வேண்டாமா? மொகம் அப்படியே சுருங்கிப்போச்சு. "இன்னொருக்கா நல்லாப் பாருங்க டாக்டர்"ங்கறா. "ஒண்ணாச்சும் சுருங்கியிருக்கும். சின்னதாச்சும்"ங்கறா. டாக்டரம்மா, "இல்லடா, எல்லாமே சரியா இருக்கு"ன்னதும் தேம்பித் தேம்பி அழறா. "எனக்கும் பலூன் வெச்சு விடுங்க டாக்டர்"னு அவங்க கையைப் புடிச்சுக்கிட்டா.

நான் அடிச்சுட்டேன். பளார்னு ஒண்ணு. பின்ன என்னங்க்கா? ஒருத்தி நெசமாலுமே மூச்சுக்குத் தவிச்சுட்டுக் கெடக்கறா, இவ நாலு நாளா மூச்சு வாங்கற மாதிரி நடிச்சிருக்கறா. பொறுத்துக்க முடியுமா? நீங்க சொல்லுங்க.

சரி, சொல்ல வேண்டாம்.

டாக்டரம்மா என்னையத்தான் வெளிய போகச் சொன்னாங்க. மூணு வருசமா என்னைய அம்மா அம்மான்னு கூப்பிட்டவங்க, "நீங்க வெளிய இருங்க கோகிலா"ன்னு பேரைச் சொன்னாங்க. அரை மணி நேரம் அவகூடத் தனியாப் பேசினாங்க. அப்பறம் என்னையக் கூப்பிட்டு, "சளி இருக்கறப்ப ரெண்டு மூணு நாளு தள்ளி வெக்கச் சொன்னேன். ரெண்டு வருசம்னு எப்பச் சொன்னேன்?"னு கேக்கறாங்க. "கையைக் கழுவி, மாஸ்க் போட்டு, ஒரே வீட்டுல இருக்கலாம். எத்தனையோ பேரு அப்படித்தான் இருக்கறாங்க. அவ நடிக்கலை. அவளுக்கு நெசமாலுமே மூச்சு வாங்கியிருக்கு. நெஞ்சுல ஒண்ணும் இல்லேன்னா அது நடிப்புன்னு அர்த்தம் இல்ல. கூட்டிட்டுப் போங்க வீட்டுக்கு"ன்னாங்க.

அவங்களுக்கென்ன, எதுவும் சொல்லலாம். அன்னைக்குக் கிட்ட விடாதேன்னாங்க, இன்னைக்கு ஏன் கிட்ட விடலைங்கறாங்க. நடுவுல நான் ஒருத்தி எந்தப் பக்கம் போறது? வீட்டுக்காரரு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுட்டு இருந்தாரு. "புள்ளையக் கூட்டிட்டுப் போயரலாம் கோகி"ன்னாரு. ரெண்டு வருசத்துல அவரா ஒண்ணு வேணும்னு கேட்டது அதுதான்.

செரின்னுட்டேன். நானும் கல்லு இல்லீங்க்கா. பரீச்சை முடியட்டும்னு காத்திருந்தோம். பங்குனி கடைசியில போனோம், நானும் அவரும். இவளை முத முதலா எங்க அம்மாகிட்ட அரை நாள் விட்டுட்டுப் போனேன், பஸ்ஸுல உக்காந்து நிமிசத்துக்கு ஒரு போன். அதுக்கு முன்னாடியே வீட்டுல அவ பாயி தலவாணியெல்லாம் தொவைச்சு வெயில்ல போட்டு, அவளுக்குன்னு ஒரு டப்பா மாஸ்க், சோப்பு, தனித் தட்டு, தனி டம்ளரு எல்லாம் எடுத்து வெச்சிருந்தேன்.

போயி, "வா கண்ணு, வீட்டுக்குப் போலாம்"னு கூப்பிடறேன். கதவுப் பக்கத்துல நிக்கறா. ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பத் தெரியலை, ரெண்டு வருசத்துல எவ்வளவு வளந்துட்டா, என் தோளு வரைக்கும் வந்துட்டா. கிட்ட வரலை. "வேண்டாங்கம்மா"ங்கறா.

"ஏஞ் சாமி, நீதானே வரணும் வரணும்னே?"

"இப்ப வேண்டாங்கம்மா. நான் வந்து, எனக்குத் தும்மல் வந்து, பாப்பாவுக்கு இன்னொண்ணும் மூடிக்கிச்சுன்னா?"

"அதெல்லாம் மூடாது. உன்னால ஒண்ணும் ஆகலைன்னு டாக்டரே சொல்லிட்டாங்கல்ல?"

"டாக்டர் சொல்ல மாட்டாங்க. நீங்க சொல்லுவீங்க."

அவ்வளவுதான். அழுகலை, கத்தலை. சாப்பாடு ஆச்சுங்களான்னு கேட்டா. அவங்க அப்பாவுக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தா. நங்கையா எவ்வளவோ எடுத்துச் சொன்னாங்க, அசையலை. வீட்டுக்காரரு திண்டாடிப் போயி வெளிய எந்திரிச்சுப் போயிட்டாரு. நான் அதே பஸ்ஸுல திரும்பி வந்தேன். ஒம்பது வயசுப் புள்ளைக்கு இத்தனை அழுத்தமாங்க்கா? பெத்தவ வீடு தேடி வந்து கூப்பிடறேன், மதிக்க வேண்டாமா? அவளுக்கு என்ன கொறை? நாலு குழாயும் நல்லாயிருக்கு. ஓடறா, ஆடறா, மூணு வேளை திங்கறா. இந்தப் புள்ளை படற பாட்டுல ஒரு பங்கு அவ பட்டிருப்பாளா?

அந்தப் பாயை இன்னும் நான் சுருட்டலை. கெடக்குது.

என்னங்க்கா கண்ணைத் தொடைக்கறீங்க? தூசிங்களா? ஜன்னலைச் சாத்தட்டுங்களா?

பல்லடம் வந்திருச்சாட்ட இருக்குது. ஆமாங்க, இங்க பத்து நிமிசம் நிக்கும், டிரைவர் டீ குடிப்பாரு. காலைல நங்கையா போன் பண்ணினாங்க. இந்தப் பஸ்ஸுன்னு கேட்டு வெச்சுக்கிட்டாளாம், ஸ்டாண்டுக்கு வர்றாளாம். எனக்காக இல்ல, அதை நெனைச்சுக்காதீங்க. "பாப்பாவை ஜன்னல் வழியாப் பாத்துட்டுப் போயர்றேன்"னு சொன்னாளாம்.

அதோ. அந்தப் பழக்கடைக்குப் பக்கத்துல, நீலச் சட்டை போட்டுட்டு. அவதான். பக்கத்துல கொடை புடிச்சுட்டு நிக்கறது நங்கையா. இந்த வெயில்ல ரெண்டு மாஸ்க் போட்டிருக்கறா பாருங்க, ஒண்ணு மேல ஒண்ணு. கண்ணு மட்டும்தான் தெரியுது. மிருது! இங்க, இங்க இருக்கறோம்! வா கிட்ட!

வர மாட்டேங்கறா. பாருங்க, நீங்களே பாருங்க. பஸ்ஸுக்கும் அவளுக்கும் பத்தடி. அங்கயே நின்னுட்டுக் கையை ஆட்டறா. எக்கி எக்கிப் பாக்கறா. இவ தூங்கறாளே, தெரியாதே அவளுக்கு. மொகத்தைத் திருப்பிக் காட்டறேன், இருங்க. தெரியுதா கண்ணு? தெரியுதா? தலையை ஆட்டறா. தெரியுதாம்.

எளைச்சுப் போயிருக்கறா.

இல்ல, எனக்கு ஒண்ணும் இல்லீங்க்கா. அக்கா, இந்தப் புள்ளையைக் கொஞ்சம் மடியில வாங்கிக்கறீங்களா? பஸ்ஸுல ஆருகிட்டயும் நான் குடுத்ததில்ல. தலையை இப்படித் தூக்கலா வெச்சுக்கங்க, படுக்கப் போட்டா மூச்சு எடுக்க மாட்டா. அவ்வளவுதான், அப்படித்தான். நெஞ்சு துடிக்கறதைப் பாத்து பயந்துக்காதீங்க, அது அப்படித்தான் இருக்கும். நான் எறங்கி அவளை ரெண்டு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வந்தர்றேன். கேக்காம விட முடியாதுங்க்கா, ரெண்டு வார்த்தைதான். வண்டியை எடுத்தாங்கன்னா ஒரு சத்தம் போட்டு நிறுத்தச் சொல்லுங்க. இந்தப் புள்ளையோட அம்மா கீழ நிக்கறா, இன்னொரு புள்ளைகிட்டப் பேசிட்டு இருக்கறான்னு சொல்லுங்க.